காட்டில் தாய்மரம் இல்லை

மரங்கள் மண்ணுக்கடியில் பேசிக்கொள்கின்றன. முதிய தாய்மரம் பூஞ்சை இழைகளின் வழியே தன் பிள்ளைக் கன்றுகளுக்கு உணவு அனுப்புகிறது. பூச்சி வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. இந்தக் கதை இன்று பள்ளி மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் சூழலியல் கூட்டங்களிலும் நிறுவப்பட்ட அறிவியலாகவே சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் காட்டை நேசிப்பவர்கள். அதனாலேயே இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. காட்டின் மீதுள்ள அன்பு, ஆதாரமில்லாத கதையின் மேல் நிற்கக் கூடாது.

இதில் உண்மை எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுவோம். நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை வேரில் பூஞ்சையோடு கூட்டு வாழ்கின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைப் பூஞ்சை கொண்டுவருகிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. நம் உழவர்கள் நாற்றங்காலில் இடும் 'வேம்' என்னும் பூஞ்சை உரம் இந்தக் கூட்டாளிதான். இதில் ஐயமில்லை. ஒரு மரத்தின் பூஞ்சை வழியே உணவு இன்னொரு மரத்துக்குப் போகிறதா, போனால் அது கன்றைப் பிழைக்க வைக்கிறதா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கதையின் வேர் 1997இல் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்டும் குழுவினரும் பிர்ச், டக்ளஸ் ஃபிர் இளங்கன்றுகளை அருகருகே நட்டு, அடையாளமிட்ட கார்பனை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கார்பன் இரு பக்கமும் சென்றது. கொடுத்ததைக் காட்டிலும் ஃபிர் சற்றுக் கூடுதலாகப் பெற்றது. நல்ல ஆய்வு. ஆனால் அதில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருந்தவை வெவ்வேறு இனத்து இளங்கன்றுகள். இன்னொன்றும் உண்டு. ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் நடப்பட்ட சீடர் கன்று வேறு வகைப் பூஞ்சையோடு கூடுவது. மற்ற இரண்டின் வலையில் அதற்குப் பங்கில்லை. அந்தச் சீடரிலும் அடையாளக் கார்பன் கொஞ்சம் இருந்தது. அப்படியானால் கார்பனின் ஒரு பகுதியாவது சாதாரண மண் வழியாகவே போயிருக்கிறது. ஊர் முழுக்கப் பரவிய கதையில் இந்தச் சீடர் கன்று மட்டும் காணாமல் போய்விட்டது.

2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் இத்துறையின் களஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபரிசீலனை செய்தார்கள். இவர்களில் ஜோன்ஸ் 1997 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். முதிய மரம் தன் சொந்தக் கன்றுகளைத் தேர்ந்து பூஞ்சை வழியே உணவும் எச்சரிக்கையும் அனுப்புகிறது என்பதற்குக் காட்டில் எடுக்கப்பட்ட வெளியான சான்று ஒன்றுகூட இல்லை என்பது அவர்களுடைய முடிவு. சாதகமான முடிவுகளையே மேற்கோள் காட்டும் பழக்கம் அறிவியல் இதழ்களுக்குள்ளும் வளர்ந்துவிட்டதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். தன் பெயர் தாங்கிய ஆய்வு மிகைப்படுத்தப்படுவதைக் கண்டு எழுந்து மறுத்தாரே ஜோன்ஸ், அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

வாழையடி வாழையாகத் தழைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தாய்மரக் கதை எளிதில் பிடித்துப்போகிறது. ஆனால் வாழைக்கன்று தாயின் கிழங்கிலேயே கிளைத்தது. தாயின் உடம்பு அது. விதையில் பிறந்த கன்றின் நிலை வேறு. அமெரிக்காவின் இந்தியானாவில் கறுப்புச் செர்ரி மரங்களை ஆராய்ந்த அலிசா பாக்கரும் கீத் கிளேயும் 2000இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாய்மரத்தடியில் முளைத்த கன்றுகள் கூட்டமாகச் செத்தன. அந்த மண்ணை நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தியபோது கன்றுகள் பிழைத்தன. கொன்றது பித்தியம் என்னும் நுண்ணுயிர். மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகலைக் கொண்டுவரும் அதே பேரினம். தாய் நிற்கும் மண்ணில் தாயின் நோயும் குடியிருக்கிறது. அங்கே விழும் விதைக்கு ஆபத்து அதிகம் என்று சூழலியலாளர்கள் ஜான்சனும் கானெலும் 1970களின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

தாவரம் விடும் ரசாயனச் செய்தியும் அன்புக் கடிதம் அல்ல. 1966இல் பருத்தி வேரிலிருந்து ஸ்ட்ரிகால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோளத்தின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையின் விதையை அது முளைக்க வைத்தது. களையை எழுப்பும் பொருளை வேர் ஏன் தானே வெளியிட வேண்டும்? விடை கிடைக்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேர், கூட்டாளிப் பூஞ்சையை வரவழைக்கத்தான் அந்த வகைப் பொருளைக் கசியவிடுகிறது என்று ஜப்பானின் அகியாமா குழு காட்டியது. சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்கிறது. நண்பனை அழைத்த குரலுக்குத் திருடனும் வந்து நிற்கிறான். தாய்ப்பாசக் கதைக்குள் இந்த வியப்பு அடங்குமா?

கதையாவது மக்களைக் காட்டோடு நெருங்க வைக்கிறதே, விட்டுவிடக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விடக்கூடாது. பொய்யான கதை பொய்யான வேலையைச் செய்ய வைக்கும். ஓரினக் கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு, குடும்பம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று நாம் நிம்மதியாகத் திரும்பிவிடுவோம். உண்மையில் அங்கே ஒரே நோய்க்கு விருந்து வைத்திருப்போம். பெரிய மரங்கள் நாலைந்தை விட்டுவைத்து, தாய் இருக்கிறாள், காடு மீண்டுவிடும் என்று மற்றதை வெட்டவும் இந்தக் கதை இடம்கொடுக்கும்.

காட்டு விதைகளில் பல பிழைக்க வேண்டுமானால் தாயை விட்டுத் தள்ளி விழ வேண்டும். அதைச் சுமந்து செல்லப் பறவை வேண்டும், வௌவால் வேண்டும், மரநாய் வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆலம், அத்திப் பழங்களைத் தின்று விதையைத் தொலைவில் போடும் இருவாச்சி வேண்டும். தாய்மரமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்ற கதையில் இருவாச்சிக்கு வேலையே இல்லை. இருவாச்சி போய்விட்ட காட்டிலோ, எத்தனை தாய்மரங்கள் நின்றாலும் அவற்றின் விதைகளில் பல அதே நோய் மண்ணில்தான் விழும்.