பெரிய சக்கரமும் சிறிய தாவலும்

மலைப்பாதைக்கான சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் சக்கரத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. 29 அங்குலம் என்றால் எதையும் தாண்டிவிடலாம் என்கிறார். ‘தாண்டுதல்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. கல்லின் மீது உருண்டேறிக் கடப்பது ஒன்று. கல்லைத் தொடாமலே எழும்பிக் கடப்பது மற்றொன்று. முதலாவதற்குத் துணையாவது இரண்டாவதற்கு இடைஞ்சலாகலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டுத்தான் சக்கர வியாபாரம் இத்தனை ஆண்டுகளாக நடந்துவருகிறது என்பது என் எண்ணம்.

26 அங்குலம் என்ற பழைய அளவும் யாரும் ஆராய்ந்து கண்டடைந்ததல்ல. கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், 1976-இல் ‘ரீபேக்’ என்னும் சரிவில் பந்தயம் விடத் தொடங்கியவர்கள் ஓட்டியவை, ஷ்வின் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த கனத்த பழைய சைக்கிள்கள். அவற்றில் இருந்தவை 26 அங்குலப் பருத்த டயர்கள். (இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும் என்பதால் வந்த பெயர் அது.) 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி ஃபிரேம் கட்டியபோதும் அதே சக்கரத்தைத்தான் மாட்டினார். கைக்கு அகப்பட்டது தரமாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

29 அங்குலமும் நாம் காணாத அதிசயமல்ல. அதன் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் அப்பாக்கள் ஓட்டிய 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளின் ரிம்மிலோ அது 635! பருத்த டயரைப் போர்த்திக்கொண்ட பிறகுதான் 29 முந்துகிறது.

பெரிய சக்கரத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. கணக்கிட்டே பார்க்கலாம். முன்சக்கரத்தின் மீது 30 கிலோ பாரம், எதிரே 10 செ.மீ. உயரக் கல். டயருடன் சேர்த்து 34 செ.மீ. ஆரமுள்ள 26 அங்குலச் சக்கரத்தை நின்ற நிலையிலிருந்து ஏற்ற, ஏறத்தாழ அதே 30 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். 37 செ.மீ. ஆரமுள்ள 29 அங்குலச் சக்கரத்துக்கு 28 கிலோ போதும். வேறுபாடு ஆறேழு சதவீதம். நாள் முழுக்க வேர்களிலும் கற்களிலும் ஓட்டுகிறவருக்கு அது பெரும் ஆறுதல்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலத்தில் ஓட்டினார்; அவரிடம் ஒரு விநாடியில் தோற்ற நீனோ ஷுர்ட்டர் ஓட்டியது 27.5. ஒரு விநாடியை வைத்துச் சக்கரத்துக்கு மாலை போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டால், எந்தச் சக்கரமும் வெறும் தள்ளலுக்கு ஏறாது. விழுந்து கிடக்கும் ஒரு நல்ல மரம் போதும். அங்கே எழும்பத்தான் வேண்டும்.

எழும்புவது எப்படி நிகழ்கிறது? உடலைத் தாழ்த்திப் பின்னுக்குச் சாய்த்து, பின்சக்கர அச்சைச் சுழல்மையமாகக் கொண்டு முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து, ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி, கால்களை மடக்கிப் பின்சக்கரத்தையும் மேலே வரவிட வேண்டும். இதில் சக்கர அளவு நேரடியாகச் செய்வதைவிட, அதற்காக ஃபிரேமை எப்படி மாற்றினார்கள் என்பதே அதிகம் செய்கிறது. பெரிய சக்கரத்துக்கு இடம் வேண்டும். பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம் நீள்கிறது. தொடக்ககால 29 அங்குலச் சைக்கிள்கள் பலவற்றில் அது சுமார் 45 செ.மீ. தாவுவதற்கென்றே செய்யப்படும் சைக்கிள்களில் 39-க்கும் கீழே. அந்த ஆறு செ.மீ.தான் முன்சக்கரம் மனம்போல் எழுவதற்கும், கெஞ்சி எழுப்புவதற்கும் உள்ள தூரம்.

இன்னொன்றும் உண்டு. சக்கரம் பெரிதானால் அச்சுகள் உயரும். பெடலோ அதே உயரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே ஓட்டுகிறவர் இரு அச்சுகளுக்கும் கீழே, தொட்டிலுக்குள் நிற்பதுபோல் நிற்கிறார். பள்ளத்தில் விழும்போது தொட்டில் காப்பாற்றும். தொட்டிலிலிருந்து குதிப்பதுதான் கடினம். மாறாக, பாறை மீது பாறையாகத் தாவும் ‘டிரையல்ஸ்’ போட்டிச் சைக்கிள்களில் பெடல் அச்சு சக்கர அச்சுகளுக்கு மேலே இருக்கும். அவற்றில் ஒரு பிரிவின் சக்கரம் வெறும் 20 அங்குலம். 2009-இல் டேனி மக்காஸ்கில் எடின்பரோ நகரத்தின் ஈட்டிமுனை வேலி மீது ஓட்டிக் காட்டிய சைக்கிளில் இருந்தவை 24 அங்குலச் சக்கரங்கள்.

ஃபோர்க்கின் சாய்வும் இப்படித்தான். தொண்ணூறுகளில் 71 பாகை அளவில் நிமிர்ந்திருந்தது, இன்று சரிவுகளுக்கான சைக்கிள்களில் 64 பாகை வரை படுத்துவிட்டது. முன்சக்கரம் தள்ளிப்போனதால் தலைகுப்புற விழுவது குறைந்தது. அதைத் தூக்க உடலை இன்னும் பின்னால் கொண்டுபோக வேண்டியும் வந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள்; விளம்பரத்தில் வாங்கியது மட்டும் இருக்கிறது.

இதில் பாதிக்கப்படுகிறவர்கள் குள்ளமானவர்கள், குறிப்பாகப் பெண்கள். செங்குத்துச் சரிவில் பின்னுக்குச் சாயும்போது பெரிய பின்சக்கரம் அவர்களைத்தான் முதலில் உரசுகிறது. முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பை 2019-இல் பந்தயங்களில் அனுமதித்தது காலம் தாழ்ந்த நியாயம். அதற்குள் நல்ல 26 அங்குல டயர் அரும்பொருளாகிவிட்டது. தாவல் போட்டிக்காரர்கள் மட்டும் அந்தச் சக்கரத்தை இன்னும் விடவில்லை.

கடைக்குப் போகிறவர் சக்கர எண்ணைக் கடைசியில் கேட்கட்டும். முதலில் சமதளத்தில் மெல்ல ஓட்டி, கைகளால் இழுக்காமல், இடுப்பைப் பின்னால் கொண்டுபோய் மட்டும் முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். எழாவிட்டால் அடுத்த சைக்கிளை எடுத்து வரச் சொல்லலாம்.