வாசல் கதவை வாடகைக்கு விடலாமா?

அமெரிக்காவில் சியாட்டில் என்று ஒரு நகரம். 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நாள், காலை 6 மணி சுமாருக்கு, அங்கே ஒரு வீட்டின் கதவு தட்டப்பட்டது. வெளியே போலீசார் நின்றார்கள். கையில் சோதனை வாரண்டு!

குழந்தைகளைச் சீரழிக்கும் ஆபாசப் படம் ஒன்று அந்த வீட்டு இன்டர்நெட் இணைப்பில் இருந்து போயிருக்கிறது என்பது புகார். வீட்டில் இருந்தவர்கள் ஒரு தம்பதிகள். அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் போலீசார் சோதனை போட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. யாரையும் கைது செய்யாமல் திரும்பிப் போனார்கள்.

படம் அந்த வீட்டு இணைப்பின் வழியாகப் போயிற்று. ஆனால் அனுப்பியவர்கள் அந்த வீட்டார் அல்ல!

அடையாளம் தெரியாமல் இன்டர்நெட்டில் உலாவ விரும்புகிறவர்களுக்காக, "டோர்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. உலகம் எங்கும் உள்ள தொண்டர்கள் அதை நடத்துகிறார்கள். அந்த அமைப்புக்கு ஒரு வெளி வாசலாக, தங்கள் வீட்டு இணைப்பை அந்தத் தம்பதிகள் கொடுத்து இருந்தார்கள். யாரோ ஒரு பாவி அந்த வாசல் வழியாகப் போய்விட்டான். போலீசாருக்குக் கிடைத்த தடயம் அந்த வீட்டின் எண்தான்.

இப்போது இதே வேலையைச் செய்ய ஒரு சின்னப் பெட்டி விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கலாமா, வேண்டாமா என்று பலர் யோசிக்கிறார்கள்.

பெட்டி என்ன செய்கிறது?

வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல, இன்டர்நெட் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு "ஐ.பி. முகவரி" என்று பெயர். நீங்கள் எந்தத் தளத்தைத் திறந்தாலும், இந்த எண் அங்கே பதிவாகிறது. இணைப்புக் கொடுத்த கம்பெனியின் கணக்கில், அந்த எண்ணுக்கு நேராக உங்கள் பெயரும் விலாசமும் இருக்கும்.

இந்த எண்ணை மறைப்பதற்கு வந்ததுதான் வி.பி.என். சாதாரண வி.பி.என்.னில், நீங்கள் அனுப்புவது எல்லாம் பூட்டிய பையில் ஒரு கம்பெனிக்குப் போகும். அங்கே இருந்து அந்தக் கம்பெனியின் எண்ணோடு வெளியே போகும். இதற்கு மாதா மாதம் சந்தா. அந்தக் கம்பெனி நினைத்தால், நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.

புதிய பெட்டியில் நடுவே கம்பெனி இல்லை. இது "மையம் இல்லாத வி.பி.என்." பெட்டி வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு கூட்டம். நீங்கள் அனுப்புவது வேறு ஒருவர் வீட்டு எண்ணோடு வெளியே போகும். வேறு ஒருவர் அனுப்புவது உங்கள் வீட்டு எண்ணோடு வெளியே போகும்.

நல்லது இல்லாமல் இல்லை. சந்தா கிடையாது. எல்லோருடைய ரகசியமும் ஒரே கம்பெனியின் கையில் சிக்குவது இல்லை. செய்திகளைத் தடை செய்யும் நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட வழி ஒரு வரப்பிரசாதம். அதை நாம் மறுக்கவில்லை. சில பெட்டிகளில், வாசலைக் கொடுத்ததற்குக் கூலியாக டிஜிட்டல் நாணயமும் வருகிறது. (அந்த நாணயத்தின் விலை இன்று ஏறும், நாளை இறங்கும். அதை நம்பிப் பெட்டிக் காசைக் கணக்குப் போடுவது வீண்.)

ஆனால் வாசலில் நுழைகிறவன் யார்? அது உங்களுக்குத் தெரியாது.

வீட்டு எண்ணுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

திருடனுக்குக் குடும்பஸ்தன் சட்டை மிகவும் பிடிக்கும். வீட்டு எண்ணில் இருந்து வருகிறவனை யாரும் எளிதில் சந்தேகப்பட மாட்டார்கள்.

"911 எஸ்5" என்ற கும்பலின் கதையைக் கேளுங்கள். இலவச வி.பி.என். என்று சொல்லி, மக்களின் கம்ப்யூட்டர்களுக்குள் இவர்கள் நுழைந்தார்கள். அந்த வீடுகளின் எண்களைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். மொத்தம் 1 கோடியே 90 லட்சம் எண்கள்! 2024 மே மாதம் அமெரிக்க அரசு இந்த வலையை அறுத்து எறிந்தது. இதை நடத்தியதாகச் சொல்லப்பட்ட சீனாக்காரர் கைதானார். அவரிடம் பெராரி காரும் ரோல்ஸ் ராய்ஸ் காரும் இருந்தனவாம். வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றும் இல்லை.

அங்கே மக்களுக்குத் தெரியாமல் வாசல் திறக்கப்பட்டது. பெட்டி விஷயத்தில் நாமே காசு கொடுத்துத் திறக்கிறோம். வித்தியாசம் இதுதான்.

ஆஸ்திரியாவில், "டோர்" வெளி வாசல் நடத்திய ஒரு வாலிபரின் வீடு 2012-ல் சோதனை போடப்பட்டது. 2014-ல் கிராட்ஸ் நகரக் கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறி, 3 மாத தண்டனை விதித்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினார். எல்லா நாட்டுக் கோர்ட்டும் இப்படித் தீர்ப்புச் சொல்லும் என்பது அல்ல. ஆனாலும் வக்கீல், வழக்கு, அலைச்சல், அக்கம்பக்கத்தார் பேச்சு! இவற்றுக்கு எந்த நாணயம் ஈடு ஆகும்?

இன்டர்நெட் சுதந்திரத்துக்காகப் போராடுகிற அமெரிக்கச் சங்கம் ஒன்று இருக்கிறது. "இ.எப்.எப்." என்று பெயர். டோர் அமைப்பை ஆதரிக்கும் சங்கம் அது. அந்தச் சங்கமே, வெளி வாசலை வீட்டில் வைத்து நடத்தாதீர்கள் என்றுதான் புத்தி சொல்கிறது.

இந்தியாவில் 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு வந்தது. வி.பி.என். சேவை நடத்துகிறவர்கள், வாடிக்கையாளரின் பெயர், விலாசம் முதலியவற்றை 5 ஆண்டுகளுக்குக் குறித்து வைக்கவேண்டும் என்கிறது அந்த உத்தரவு. பெட்டிக்காரர் யார் பெயரைக் குறித்து வைப்பார்? வழியே போகிறவன் பெயர் அவருக்கே தெரியாதே!

சின்னத் தொல்லைகளும் உண்டு. உங்கள் எண்ணில் இருந்து மோசடி நடந்தால், அந்த எண் கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு பாங்கித் தளம் உங்களையே உள்ளே விடாது. மேலும், பெட்டி விற்ற கம்பெனி கடையைக் கட்டினால், பெட்டியில் விழும் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. வீட்டில் உள்ள அத்தனை போன்களும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய்க்கொண்டு இருக்கும்.

குடும்பம் நடத்துகிற வீட்டில் இந்தப் பெட்டி வேண்டாம் என்பதே நம் கருத்து. வி.பி.என். அவசியம் என்றால், விலாசமும் பெயரும் உள்ள ஒரு கம்பெனிக்குச் சந்தா கட்டுங்கள்.

ஏற்கனவே வாங்கி மாட்டியவர்கள், பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இணைப்பைப் பிறருக்குப் பகிரும் பகுதி ஒன்று இருக்கும். அதை நிறுத்துங்கள். நிறுத்த வழி இல்லாத பெட்டி என்றால், வயரைப் பிடுங்கிவிட்டு, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.