சாவி யார் கையில்?



மதுரைக்கு வடக்கே, பேருந்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திண்டுக்கல் வந்துவிடும். பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு கடையில் நீங்கள் மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறார். பிறகு பூட்டை மட்டும் கொடுத்துவிட்டு, "சாவி என்னிடமே இருக்கட்டும். நான் சொல்லும் கதவில்தான் இதை மாட்ட வேண்டும்" என்கிறார். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் உலகின் பல நாடுகளில் இலட்சக்கணக்கானோர் இப்படிப்பட்ட பூட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். அதுதான் செல்பேசிக்குள் இருக்கும் 'சிம் பூட்டு'.

இதை நான் அறிந்துகொண்டது என் உறவினர் வீட்டில். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணன், கல்லூரியில் சேர்ந்த தங்கைக்கு ஒரு செல்பேசி கொண்டுவந்தார். தங்கை தன் சிம் அட்டையைப் போட்டாள். இந்த அட்டையை ஏற்க முடியாது என்று திரையில் செய்தி வந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கும் டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கருவியில் ஒரு குறையும் இல்லை சார். கம்பெனி பூட்டு போட்டிருக்கு" என்றார். தவணை முழுவதும் கட்டி முடித்து, விற்ற நிறுவனத்துக்குப் பலமுறை எழுதிய பிறகே அந்தப் பூட்டு திறந்தது. அதுவரை அந்த விலையுயர்ந்த கருவி புகைப்படம் எடுக்க மட்டுமே பயன்பட்டது.

இந்தப் பூட்டு தேவைதானா? விடை காணச் செல்பேசி வேலை செய்யும் விதத்தைச் சிறிது பார்ப்போம்.

இரண்டு பொருள்கள், ஒரு கருவி

நாம் செல்பேசி என்று சொல்வது உண்மையில் இரண்டு பொருள்களின் சேர்க்கை. ஒன்று, வானொலி அலைகளை அனுப்பவும் பெறவும் வல்ல கருவி. மற்றொன்று, அதைப் பயன்படுத்துபவர் யார் என்று சொல்லும் சிம் அட்டை. 1987-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் 'ஜிஎஸ்எம்' என்னும் பொதுவான செல்பேசி முறையை ஏற்க உடன்பட்டன. அந்த முறையில் கருவி வேறு, அடையாளம் வேறு என்று வகுத்தார்கள். 1991-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள ஒரு நிறுவனம் முதல் 300 சிம் அட்டைகளைப் பின்லாந்து நாட்டுச் செல்பேசி நிறுவனம் ஒன்றுக்கு விற்றது.

சிம் அட்டையை வெறும் தகடு என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு குட்டிக் கணிப்பொறி. அதனுள் பொதுவாக 15 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404 அல்லது 405, இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525, ஐக்கிய அரபு நாடுகளுக்கு 424. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும்.

இதைத் தவிர, அட்டையில் ஓர் இரகசியத் திறவுகோலும் உண்டு. அதன் நகல் உங்கள் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். இந்தத் திறவுகோல் ஒருபோதும் காற்றில் பயணம் செய்வதில்லை. கோபுரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண் கேள்வியாக வருகிறது. அட்டை அந்த எண்ணைத் தன் திறவுகோலுடன் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை அனுப்புகிறது. விடை சரியென்றால் கதவு திறக்கும். இடையில் எவராவது ஒட்டுக்கேட்டாலும் பயனில்லை. அடுத்த முறை வரும் கணக்கு வேறு, விடையும் வேறு அல்லவா?

கொழும்பு பக்கம், கட்டணம் தூரம்

இப்போது மதுரை விமான நிலையத்தில் கொழும்பு விமானம் ஏறுவதாகக் கொள்வோம். நேர்கோட்டில் அளந்தால் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பே அருகில் இருக்கிறது. ஆனால் சென்னையில் இறங்கினால் நம் சிம் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. கொழும்பில் இறங்கினால் அதே அட்டைக்குப் பல மடங்கு கட்டணம் கேட்கக்கூடும். தூரம் குறைவு, செலவு அதிகம்! இது எப்படி?

கொழும்புக் கோபுரம் நம் அட்டையில் உள்ள முதல் இலக்கங்களைப் பார்த்து, 'இவர் இந்தியர்' என்று தெரிந்துகொள்கிறது. உடனே இந்திய நிறுவனத்தைத் தொடர்புகொள்கிறது. அந்த நிறுவனம் திறவுகோலைக் கொடுப்பதில்லை. கேள்வியையும் அதற்குரிய விடையையும் மட்டும் அனுப்பி வைக்கிறது. நம் அட்டை அளிக்கும் விடை அதனோடு ஒத்துப்போனால் பேச அனுமதி கிடைக்கும். இதற்கு 'ரோமிங்' என்று பெயர். இது அழகான ஏற்பாடுதான். ஆனால் கட்டணத்தைத் தீர்மானிப்பது மின்காந்த அலை அல்ல, இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம். ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கிடையே இந்தக் கூடுதல் கட்டணத்தை 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொதுவாக நீக்கிவிட்டது. இதிலிருந்தே அது இயற்கையின் விதி அல்ல, மனிதர் வகுத்த விதி என்று விளங்குகிறது.

மாற்று வழி எளிது. கொழும்பில் இறங்கியதும் கடவுச்சீட்டைக் காட்டி, அந்நாட்டின் பிரீபெய்டு சிம் ஒன்றை வாங்கிச் செல்பேசியில் பொருத்தினால், நம் கருவி அந்த ஊர்க் கருவியாகிவிடும். பணத்தை முன்னரே கட்டிவிடுவதால், ஊர் திரும்பிய பின் பெரிய தொகைக்குப் பில் வந்து திடுக்கிட வைக்காது. இதற்கு இரண்டே நிபந்தனைகள்.

முதல் நிபந்தனை அறிவியலைச் சார்ந்தது. நம் கருவி அந்நாட்டு அலைகளைப் பேச வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதி. எந்த நாடு எந்த அலைகளை எந்தத் தலைமுறைத் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கியிருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் இரண்டாம் தலைமுறைச் சேவையை 2017-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்தத் தலைமுறையில் மட்டும் இயங்கும் பழைய பட்டன் செல்பேசி அங்கே உயிரற்ற பெட்டிதான்.

இரண்டாம் நிபந்தனைதான் நம் பூட்டு. சிம் பூட்டு என்பது கருவிக்குள் எழுதப்பட்ட ஒரு சிறு கட்டளை. 'அட்டையின் முதல் ஐந்தாறு இலக்கங்கள் இன்னவையாக இருந்தால் மட்டும் வேலை செய்' என்பதே அது. அலைகளுக்கோ, கோபுரத்துக்கோ, பேச்சின் தெளிவுக்கோ இதனால் எள்ளளவும் நன்மை இல்லை. பிரித்து வைக்கப்பட்ட இரண்டு பொருள்களை மீண்டும் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான்.

மறுபக்கமும் கேட்போம்

"நாங்கள் கருவியைக் குறைந்த விலைக்கோ தவணைக்கோ கொடுக்கிறோம். பூட்டு இல்லாவிட்டால் வாங்கியவர் வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடுவாரே!" என்று நிறுவனங்கள் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் கடனை வசூலிக்க ஒப்பந்தம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கடன் உள்ளவரை பூட்டு இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாலும், கடைசித் தவணை கட்டிய அன்றே அது தானாகத் திறக்க வேண்டாமா? கடன் தீர்ந்த பிறகும் அடகு நகையைத் திருப்பித் தராதவரை நாம் என்ன சொல்வோம்?

கனடா 2017-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், செல்பேசிகளைப் பூட்டில்லாமலே விற்க வேண்டும் என்றும் பழைய பூட்டுகளைக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்றும் ஆணையிட்டது. பிரிட்டன் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பூட்டிய செல்பேசி விற்பதைத் தடை செய்தது. அங்கே செல்பேசித் தொழில் அழிந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் 2003-ஆம் ஆண்டு வாக்கில் 'சிடிஎம்ஏ' முறையில் வந்த செல்பேசிகள் விற்ற நிறுவனத்தோடு கட்டுண்டே இருந்தன. இன்று நம் கடைகளில் கிடைக்கும் செல்பேசிகளில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. ஒரே கருவியில் இரண்டு சிம் போட்டுக்கொண்டு, கட்டணம் குறைந்த பக்கம் சாய்கிறோம். இந்தச் சுதந்திரத்தின் அருமை, அது இல்லாத நாட்டிலிருந்து ஒரு கருவி வந்து சேரும்போதுதான் தெரிகிறது.

இது வசதி படைத்தவர்களின் சுற்றுலாப் பிரச்சினை மட்டும் அல்ல. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குச் செல்பேசிதான் வீடு, வங்கி, கடிதம் எல்லாம். புதிய நாட்டுச் சிம்மைப் போட்டதும் ஊர்ச் சிம்மை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குத்தான் வங்கியின் இரகசியக் குறியீடு வரும்! பிரீபெய்டு இணைப்பை 90 நாள்களாவது பயன்படுத்தாமல் இருந்தால்தான் துண்டிக்கலாம் என்றும், கணக்கில் சிறு தொகை இருந்தால் 20 ரூபாய்க்கு மிகாமல் எடுத்துக்கொண்டு எண்ணைக் காக்க வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. கைவிட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் இருந்தால், இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பூட்டும் தீயதல்ல

நான் பூட்டுக்கே பகைவன் அல்ல. திருடன் கையில் சிக்கிய செல்பேசி பயன்படாமல் போக வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்க எண் ஒன்று உண்டு. *#06# என்று அழுத்திப் பாருங்கள், அது திரையில் தெரியும். அதைக் குறித்து வையுங்கள். செல்பேசி திருட்டுப் போனால், அந்த எண்ணைக் கொண்டு நாடு முழுவதும் அதை முடக்கும் வசதியை 2023-ஆம் ஆண்டில் நம் அரசு விரிவாக்கியது. இந்தப் பூட்டின் சாவி உடைமையாளர் பக்கம் இருக்கிறது. அதனால் இதை நான் வரவேற்கிறேன். சிம் பூட்டைத் திறப்பதாகச் சொல்லி அந்த 15 இலக்க எண்ணையே சிலர் மாற்றிக் கொடுப்பார்கள். அது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். அவர்கள் பக்கம் போகாதீர்கள்.

ஒரு புதிய கவலையும் உண்டு. இப்போது அட்டையே இல்லாத 'இ-சிம்' பரவி வருகிறது. அடையாளம் கருவிக்குள் பதிந்த சில்லில் இறக்கி வைக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 14-இல் அட்டை செருகும் இடமே இல்லை. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு இணைப்பு வாங்கிவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அட்டையை நகத்தால் நெம்பி எடுத்து வேறு கருவியில் போட நமக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இ-சிம்மை மாற்ற நிறுவனத்தின் கணிப்பொறி சம்மதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பூட்டைக் கேள்வி கேட்பது எளிது. தெரியாத பூட்டைக் கேட்க அறிவு வேண்டும்.

நாளை இவற்றை வடிவமைக்கப் போகிறவர்களும், விதி வகுக்கப் போகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து யாராவது, "செல்பேசி வாங்கி வரட்டுமா?" என்று கேட்டால், எந்த நிறம், எத்தனை கேமரா என்று கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "சாவியும் சேர்ந்து வருகிறதா?"