பச்சிலை என்னும் பெயரில் நஞ்சு!

அனல்மின் நிலையம் நிற்கும் வள்ளூர் தொடங்கி, இரும்பு உருகும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வரை தமிழிளைஞரின் உழைப்பு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றது. அவ்வுழைப்பாளியின் நெஞ்சைக் குறிவைத்து ஒரு நஞ்சு நுழைகின்றது. ஆந்திர, ஒடிய எல்லை மலைகளினின்று கொல்கத்தா நெடுஞ்சாலை வழியே, எளாவூர்ச் சோதனைச் சாவடியையும் ஏய்த்து வரும் கஞ்சாவே அது.

“அது வெறும் பச்சிலை; இளமையை ஒன்றும் செய்யாது” என்று காதில் ஓதுவார் உளர். அரளியும் பச்சைதான், எட்டியும் பச்சைதான், உண்பார் உண்டா?

மருத்துவம் கூறுவது யாது? கஞ்சாப் புகை உட்சென்ற சில மணித்துளிகளில் நாடி விரைகின்றது. நெஞ்சாங்குலைக்கு மிகுதியான உயிர்வளி வேண்டியதாகின்றது. அந்நேரத்திலேயே புகையிலுள்ள நச்சுவளி, குருதியில் உயிர்வளிக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. தேவை ஏறுகின்றது, வரவு குறைகின்றது. புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு இடர் ஏறத்தாழ 5 மடங்காவதை 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. 50 அகவைக்குட்பட்ட ஏறத்தாழ 46 இலக்கம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆய்ந்து 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, கஞ்சா கொள்வோர்க்கு அவ்விடர் 6 மடங்குக்கும் மேல் என்றது. புகைத்தார் எல்லாரும் வீழ்வர் என்பதன்று இதன் பொருள். ஆயினும் 25 அகவைக் காளை நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தால், பெற்றவளுக்கு அது வெறும் கணக்கா?

1985இன் சட்டம் கஞ்சாவைத் தடுத்தது. பொட்டலங்கள் பிடிபடுகின்றன, படங்கள் வெளிவருகின்றன. இரவு முறை வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு இவ்வுண்மையைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எத்துணைப் பேர்? குமரிமுனையில் 2000இல் வள்ளுவர்க்கு 133 அடிச் சிலை திறந்த அரசு, 2003 முதல் மதுக்கடைகளைத் தானே நடத்துகின்றது! கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் அவரல்லரோ? ஒரு மயக்கை விற்கும் கை, மற்றொரு மயக்கை எவ்வாறு முழுமூச்சாய்த் தடுக்கும்?

வெளியாரைப் பழித்து ஒதுங்குவதும் வீண். நஞ்சுக்கு மொழியில்லை; ஓர் ஆலையில் வியர்வை சிந்துவார் அனைவர் நெஞ்சும் ஒன்றே.

ஆலைதோறும் பள்ளிதோறும் இவ்வுண்மை தமிழில் முழங்கட்டும். நெஞ்சு வலித்தால் 108ஐ அழைக்கத் தயங்கற்க. மருத்துவரிடம் புகைத்ததை மறைக்கற்க. தமிழ்நிலம் காக்கப் புறப்படுவானுக்கு முதலில் துடிக்கும் நெஞ்சு வேண்டும்.

புகையை விடுக! நெஞ்சைக் காக்க!