தானே திறந்த கதவு



சில திங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தோம். பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் கலங்கிய முகத்தோடு நம்மை அணுகி, "சாமி, என் மகன் கொடுத்த வாக்கை ஒரே இரவில் மீறிவிட்டான்" என்றார். தந்தை, மகன் இருவரின் இசைவோடும், பெயரை மறைத்து, நடந்ததை ஈண்டு எழுதுகின்றோம்.

மகன் கல்லூரி மாணவன். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் சிக்கி, கல்லூரிக் கட்டணத்தையும் இழந்தவன். ஒருநாள் தானாகவே பெற்றோரிடம் உண்மையைக் கூறி அழுதான். அன்று முதல் இரவில் கைப்பேசியைத் தாயிடம் ஒப்படைத்தான். படிப்பதற்குக் கணினி வேண்டும், இணையமோ வேண்டாம். கம்பியைப் பிடுங்கினால் போதாதோ என்பீர்கள். பிடுங்கிய கை செருகவும் அறியும் அன்றோ! ஆகவே, இணைப்பே எழாதவாறு கணினிக்குள் ஒரு தடையை எழுதி வைப்பதாகச் சொல்லி, அவ்விதமே எழுதினான். மறுநாட் காலை தந்தை கணினியைத் திறந்தார். இணைப்பு முன்போலவே உயிரோடிருந்தது! அவர் வாயினின்று புறப்பட்ட சொற்களை இங்கு எழுத வேண்டியதில்லை. மூன்று நாட்கள் அவ்வீட்டில் குடும்ப செபமும் நடைபெறவில்லை.

இத்துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றோம். அவர் விளக்கியதை நமக்கு விளங்கியவாறு கூறுகின்றோம்.

அக்கணினியில் இயங்குவது லினக்ஸ். 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. அதன் நடுப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். கணினியிலுள்ள கருவிகளை இயக்கத் தனித்தனி டிரைவர்கள் உண்டு. எல்லாவற்றையும் எப்போதும் சுமந்து திரியாமல், வேண்டியதை வேண்டியபோது ஏற்றிக்கொள்வது கர்னலின் வழக்கம். வலைப்பின்னல் அட்டை ஒன்றைக் கண்டதும் அதன் அடையாள எண்களைக் கர்னல் அறிவிக்கும். 'யூடெவ்' என்னும் நிரல் அதைக் கேட்டு, பொருத்தமான டிரைவரைத் தேடி ஏற்றுவிக்கும். எவரும் கட்டளையிட வேண்டுவதில்லை.

இது பெரும் வசதி. ஆபத்தும் இதிலேயே உண்டு. 2017இல், 'டிசிசிபி' என்னும் வலைப்பின்னல் முறைக்குரிய பகுதியில், பத்தாண்டுகளுக்கு மேலாக மறைந்திருந்த பழுதொன்று வெளிப்பட்டது. பெரும்பாலோர் அப்பகுதியைப் பயன்படுத்தியதே இல்லை. ஆயினும் அன்று பல கணினிகளில், சாதாரணப் பயனர் ஒருவர் அதைக் கேட்ட மாத்திரத்தில் கர்னல் தானாகவே அதை ஏற்றிவிட்டது. அப்பழுதின் வழியே அவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. ஆளில்லாத பின்கட்டு வாயிலுக்குத்தானே காவல் அதிகம் வேண்டும்?

இவ்வாறு தானாக நுழைவதைத் தடுக்க, அதற்கென உள்ள அடைவில் ஒரு கோப்பெழுதி, 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லோடு டிரைவரின் பெயரைக் குறித்தல் வேண்டும். மகன் செய்தது இதுவே. பின் ஏன் பலிக்கவில்லை? கணினி விழித்தெழும்போது, வட்டிலுள்ள கோப்புகளை நாடுமுன்பே, 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு தொகுப்பைத் துணைகொள்கிறது. டிரைவர்களின் படியும் தடைப்பட்டியலின் படியும் அதனுள் இருந்தன. மகன் புதிய வரியை எழுதினான். தொகுப்பைப் புதுப்பிக்க அறியவில்லை. பழைய படியை நம்பிய கணினி, அவன் இட்ட தடையைக் காணுமுன்னரே டிரைவரை ஏற்றிவிட்டது. அவன் வாக்கு மீறவே இல்லை!

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனின் கையைப் பற்றி, "என்னை மன்னித்துவிடப்பா" என்றார்.

இளைஞர் மேலும் ஒன்று கூறினார். 'பிளாக்லிஸ்ட்' தடுப்பது தானாக நுழைவதை மட்டுமே. நிர்வாகி பெயர் சொல்லி அழைத்தால் டிரைவர் வரும். வேறொரு பகுதி அதைத் துணைக்கு வேண்டினாலும் வரும். அவ்வழியையும் அடைக்க, 'இன்ஸ்டால்' என்று தொடங்கும் வரியொன்றை எழுதி, ஏற்றுவதற்குப் பதிலாகத் தோல்வியையே விடையாகத் தரும் கட்டளையை அதிற் குறிக்க வேண்டும். மகன் அதையும் எழுதினான், தொகுப்பையும் புதுப்பித்தான். நிர்வாகிக்குரிய கடவுச்சொல்லைத் தந்தையே மாற்றி வைத்துக்கொள்ளுமாறு வேண்டினான்.

அன்பர்களே, நாம் பாவசங்கீர்த்தனத்தில் செய்யும் பிரதிக்கினை பெரும்பாலும் அந்த முதல் வரியைப் போன்றதே. உண்மையாகவே எழுதுகின்றோம். ஆனால் விழித்தெழும் வேளையில் பழைய பழக்கம் முந்திக்கொள்கிறது. அதைக் கண்டு, மனம் திரும்பியது பொய்யென்று எண்ணுவது தவறு. புதுப்பிக்க வேண்டிய இடம் இன்னும் ஒன்று உண்டு என்பதே பொருள். வாராதே என்று பெயரை மட்டும் எழுதிவைத்து, நாமே பெயர் சொல்லி அழைத்தால் தடை என்ன செய்யும்? பாவத்திற்கு ஏதுவான சமயங்களையும், அதற்குத் துணைபோகும் தோழமைகளையும் விலக்கும்படி திருச்சபை நமக்குக் கற்பிப்பது இதனாலன்றோ!

பெற்றோருக்கும் ஒரு சொல். திருந்த முயலும் பிள்ளை தவறியதாகத் தோன்றும்போது, தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மூன்று நாட்களில் அம்மகன் மனமுடைந்து பழைய ஆட்டத்திற்கே திரும்பியிருந்தால், குற்றம் யாருடையது?

இத்திங்கள் தீர்மானம்: இரவு செபத்திற்குப்பின், நம் வீட்டில் எக்கதவு எவரும் கேளாமலே திறக்கின்றது என்று குடும்பத்தோடு அமர்ந்து ஆராய்வோம்.