பரண்ல ஒரு பார்ட்டி!

செண்பகத்தோப்புல ஒரு ராத்திரி தங்கியிருக்கீங்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கிட்டு மேற்கே போனா, மலையடிவாரம் பூரா மாந்தோப்பு. அதைத் தாண்டினா காடு. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக சரணாலயமாகி, 2021-ல் புலிகள் காப்பகமாவும் ஆன காடு. மாம்பழ சீஸன்ல யானைகளும் தோப்புக்கு விசிட் அடிக்கும். அதனால, 'பொழுது சாஞ்சா வெளியே தலை நீட்டக் கூடாது'னு ராஜபாளையத்து நண்பனோட அப்பா கண்டிஷன் போட்டுட்டார். தோப்பு வீட்டுல நாங்க ஆறு பேர். செல்லுல டவர் சுத்தமா இல்லை!

அப்பதான் நண்பன் பரண்ல இருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினான். உள்ளே அவன் அண்ணனோட பழைய பிளேஸ்டேஷன் 2. கூடவே 'தேசி அட்டா'னு ஒரு டிஸ்க். 2009-ல் வந்த பார்ட்டி கேம் பாஸ். ஹைதராபாத் 'கேம்சாஸ்த்ரா' கம்பெனி உருவாக்கி, சோனி வெளியிட்டது. கபடி, பட்டம், கில்லி டண்டா (அதாங்க, நம்ம கிட்டிப்புள்!) எல்லாம் டி.வி-க்குள்ளே!

ஆசையா டிஸ்க்கைப் போட்டா... கிர்ர்ர்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். டிஸ்க் பூரா கீறல்.

ஆனா, நண்பன் அசரலை. போன லீவுலயே அந்த டிஸ்க்கை டி.வி.டி டிரைவ்ல போட்டு, முழுசா ஒரே ஃபைலா காப்பி எடுத்து வெச்சிருந்தான். அதுக்குப் பேருதான் பேக்கப். முன்னாடியெல்லாம் காப்பியை ஓட்டணும்னா, பெரும்பாலும் மெஷினைப் பிரிச்சு போர்டுல சிப் சால்டர் பண்ணணும். கை நடுங்கினா கன்சோல் காலி! 2008-ல் 'ஃப்ரீ மெக்பூட்' வந்ததும் அந்தப் பயம் போச்சு. மெமரி கார்டுல சாஃப்ட்வேரை ஏத்தினா போதும், பென் டிரைவ்ல இருந்தே கேம் ஓடும். கடைசியா வந்த மாடல்கள்ல மட்டும் பருப்பு வேகாது. இன்னொரு சிக்கல், பி.எஸ்.2-ல இருக்குறது யு.எஸ்.பி 1.1. ஆமை வேகம். வீடியோ வர்ற இடமெல்லாம் திக்கித் திக்கித்தான் ஓடும்.

கன்ட்ரோலர் சொருக ரெண்டே இடம். ஆளு ஆறு. தோத்தவன் எந்திரிக்கணும்னு ரூல் போட்டு ஆரம்பிச்சோம். கபடி சூடு பிடிக்கிற நேரம் பார்த்து கரன்ட் கட்!

விடுவோமா? லேப்டாப்புல சார்ஜ் இருந்துச்சு. 'பி.சி.எஸ்.எக்ஸ்.2'னு ஒரு எமுலேட்டர். லேப்டாப்பையே பி.எஸ்.2 மாதிரி நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர். அதுக்கு வேண்டிய பயாஸையும் அதே மெஷின்ல இருந்து எடுத்து வெச்சிருந்தான். இருட்டுல ஆறு தலையும் ஒரே ஸ்கிரீனுக்கு முன்னாடி. வெளியே யானை வந்திருந்தாக்கூட எங்க கூச்சல்ல ஓடியிருக்கும்!

விளையாடி முடிச்சதும் ஒருத்தன் கேட்டான். "மச்சி, எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுடா."

நண்பன் யோசிச்சான். நானும்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, முறையா வாங்கின சாஃப்ட்வேர் தொலையாம, கெடாம இருக்க உங்களுக்குனு ஒரு பேக்கப் எடுத்துக்கலாம். ஊருக்கெல்லாம் பங்கு போடுறதுக்கு இல்லை. பதிப்புரிமையை மீறுற எண்ணத்தோட டிஜிட்டல் பூட்டை உடைச்சா, 2012-ல் வந்த 65ஏ பிரிவுப்படி 2 வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே அபராதம்.

சட்டத்தை விடுங்க. நாளைக்கு நீங்களும் நானும்தானே கோடு எழுதி சம்பளம் வாங்கப்போறோம்? ராத்திரி பகலா நாம எழுதினதை ஒருத்தன் பென் டிரைவ்ல சும்மா அள்ளிட்டுப் போனா வலிக்கும்ல?

ஆனா, இன்னொரு பக்கமும் இருக்கு. 15 கோடிக்கு மேல வித்த பி.எஸ்.2-வோட தயாரிப்பே 2013-ல் நின்னுபோச்சு. கிட்டிப்புள்ளை கன்சோல்ல ஏத்தின ஒரு கேமை, ஷோரூம்ல போய்ப் புதுசா வாங்க இன்னிக்கு வழியில்லை. இருக்கிற டிஸ்க்குகளும் கீறல் விழுந்து போச்சுன்னா, அப்படி ஒண்ணு இருந்ததுக்கே அடையாளம் இருக்காது. அன்னிக்கு பேக்கப் எடுக்காம விட்டிருந்தா, எங்க ஆறு பேருக்கும் அது வெறும் பிளாஸ்டிக் தட்டுதான்.

கடைசியில நண்பன் சொன்னான்: "காப்பி தரமாட்டேன். எப்ப விளையாடணும்னாலும் இங்கே வா!"

பார்ட்டி கேமுக்கு இதைவிட நல்ல லைசென்ஸ் உண்டா, சொல்லுங்க? விடிஞ்சதும் குச்சி வெட்டி, தோப்பு வாசல்ல நிஜக் கிட்டிப்புள் ஆடினோம். கபடியில ஜெயிச்ச வீரன் இதுல ஒரு தடவைகூட புள்ளைத் தொடலை!

நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பரணைக் கொஞ்சம் குடைஞ்சு பாருங்க. பழைய டிஸ்க் எதாவது இருந்தா, கீறல் விழுறதுக்கு முன்னாடி ஒரு பேக்கப் எடுத்துடுங்க. அப்புறம் மறக்காம நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்க!