ஆயில் ஒழுகும் பைக்கை பந்தயத்தில் விடலாமா?

மழை தூறிய மாலையில், சாலையில் சிந்திய டீசலில் ஸ்கூட்டர் சறுக்கி விழுவதைப் பார்க்காதவர் சென்னையில் யார்? அங்கே வேகம் 30 கிலோமீட்டர். முழங்கை சிராய்ப்போடு போகும். இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்தில் அதே வழுக்கலுக்கு மேல் 150-ல் வருகிறான் ஒரு பையன். என்ன ஆகும்?

ஆயில் கொட்டினால் பந்தயக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "எஞ்சின் வெடிச்சிடுச்சு சார், என்ன பண்றது?"

விதியாம்! எஞ்சின் வெடிப்பது விதியாகவே இருக்கட்டும். அந்த ஆயில் தரைக்கு வருவது விதி அல்ல, சோம்பேறித்தனம்.

கம்பி எங்கே?

எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கும் போல்ட் ஒன்று உண்டு. அதிர்வில் தளரும். அதன் தலையில் துளை போட்டு, மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். கம்பி, போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டியும் ஒன்றுதான், கட்டாததும் ஒன்றுதான். ஆயில் பில்டரில் துளை போட முடியாது. அதன் மேல் ஹோஸ் கிளிப் மாட்டி, கிளிப்பைக் கம்பியால் கட்டணும். எஞ்சின் மூச்சு விடும் குழாயைத் தரைப்பக்கம் தொங்க விடாமல் ஒரு டப்பாவுக்குள் விடணும்.

இத்தனையும் மீறி எஞ்சின் உடைந்தால்? அதற்குத்தான் அடியில் தொட்டி மாதிரி ஒரு கவசம். எஞ்சினில் உள்ள ஆயில், தண்ணீர் மொத்தத்தில் பாதியாவது அதில் தேங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் போதும். கடையில் விற்கும் பச்சைக் கூலன்ட் தரையில் கொட்டினால் ஆயிலைப் போலவே வழுக்கும், சீக்கிரம் காயவும் காயாது.

மூன்று சக்கர ஆபத்து

இங்கிலாந்துப் பக்கம் ஐல் ஆப் மேன் தீவில் சைடு கார் பந்தயம் பிரபலம். ஓட்டுபவர் ஒருவர், தரையை உரசுகிற மாதிரி தொங்கிக்கொண்டு போகும் கூட்டாளி ஒருவர். சாதா பைக் ஒழுகினால் பின் டயர் வழுக்கி, ஓட்டுபவனுக்கே முதலில் தெரிந்துவிடும். சைடு காருக்கு மூன்று சக்கரம். சட்டென்று விழாது. தான் ஒழுகுவது தெரியாமலே பாதை நெடுக கோலம் போட்டுக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொள்வது பின்னால் வருகிறவன்! அங்கே ஒரு சுற்றே 60 கிலோமீட்டர்.

1973 மே 20. இத்தாலியில் மோன்சா. 250 சிசி பந்தயத்தின் முதல் சுற்றிலேயே பின்லாந்து வீரர் சாரினென், இத்தாலி வீரர் பசோலினி இருவரும் பலி. சற்று முன் நடந்த 350 சிசி பந்தயத்தில் ஒரு பைக் ஆயில் ஒழுகியபடி ஓடியிருந்தது. பசோலினியின் எஞ்சின் இறுகிப் பிடித்ததே காரணம் என்றது விசாரணை. ஆயில்தான் காரணம் என்று பேசியவர்கள் அதை ஒப்பவில்லை. வழக்கு இன்றும் பேச்சில் இருக்கிறது. போன இருவரும் போனவர்கள்தான்.

சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த ஊர் இது. பந்தயம் நமக்குப் புதிதல்ல. ஆகவே பரிசோதகர் முகம் பார்க்கக் கூடாது. பணம் கட்டியவனோ, போன வருஷம் கப் வாங்கியவனோ, கம்பி இல்லை என்றால் பைக் வாசலிலேயே நிற்கட்டும். ஓடும்போது ஒழுகினால் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடியை உடனே காட்ட வேண்டும். 'இந்தச் சுற்று முடியட்டும்' என்ற தாட்சண்யம் கூடாது.

மெக்கானிக்குகளுக்கு ஒரு சுலப வழி உண்டு. முதல் நாள் எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, பைக்குக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வையுங்கள். (படித்து முடித்த மாலைப் பத்திரிகையே போதும்.) காலையில் அதில் கறுப்புச் சொட்டு இருந்தால், ஸ்பானரை எடுங்கள், ஹெல்மெட்டை அல்ல.